கமெராவும் கேமராவும்

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகின்ற ஒழுங்கைகளுள் ஒன்றில், 1990களின் நடுப்பகுதியில், கலியாண வீடியோ எடுத்துக் கொடுக்கின்ற சிறிய கடையொன்று இருந்தது. இருவர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியில் நிற்கவேண்டிய அளவினதான அக்கடையின் சுவரோரத்தில் வி.எச்.எஸ். கசெட்டுகள் செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கப்பட்டிருக்க, ஒவ்வொன்றின் முதுகிலும் மணமக்களின் பெயருக்குக் கீழே 'லண்டன்', 'ரொறன்ரோ', 'பரிஸ்' என்று ஊரொன்றின் பெயர் எழுதியிருக்கும். உறவினர் எந்த நாட்டிலே குடியேறியிருக்கின்றனரோ அந்த நாட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு இசைந்த முறையில் பிரதி எடுக்கவேண்டும் என்பதே அவ்வெழுத்தின் பொருள். இங்கிலாந்துக்கும் நமக்கும் 'பால்' முறை. செக்கனுக்கு 25 படங்கள், 625 கோடுகள். கனடாவுக்கு என்.டி.எஸ்.சி.; அங்கே செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்கள், 525 கோடுகள். பிரான்சுக்கோ செக்காம் என்று வேறொன்று. "பாலா, மற்றதா?" என்று கடைக்காரர் கேட்க, பாலறுகு வைக்கின்ற கட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறாரென்று எண்ணிய ஓர் அம்மையார், "அதெல்லாம் முழுக்க வேணும் தம்பி, ஒண்டையும் வெட்டிப்போடாதேங்கோ" என்று மன்றாடியதை நானே காதாரக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கடையிலே வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞன் ஒருவன் கொட்டாஞ்சேனையிலிருந்து நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வருவான். அவன் பெயர் இங்கே வேண்டியதில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதி, முடிவு வருமுன்பே வேலை தேடிப் புறப்பட்டவன். அவன் கடையிலே கால் வைத்த முதல் நாள் மாலையே, தோளில் வைத்துச் சுமக்கின்ற வீடியோக் கமெராவை முதலாளி எடுத்து அவன் கையிலே கொடுத்தார். இரண்டாவது வாரத்தில், வத்தளையில் நடந்த சாமத்தியச் சடங்கொன்றுக்கு, லைற் பிடிக்க ஒரு சிறுவனைத் துணைகூட்டி, அவனைத் தனியே அனுப்பியும்விட்டார். அவனுக்குக் கிடைத்த சிட்சை முழுவதும் மூன்று வாக்கியங்களில் அடங்கிற்று: மண்டபத்துக்குள் நுழைந்ததும் யாராவது ஒருவருடைய வெள்ளை வேட்டியைக் காட்டி நிறத்தைச் சரிசெய்துகொள், கண்டபடி சூம் பண்ணாதே, முக்கியமான நேரத்தில் பற்றரி தீர்ந்தால் வீட்டுக்கு வராதே. இந்த மூன்றையும் தவிர மற்றெல்லாவற்றையும், அதாவது எங்கே நிற்பது, எப்போது அசைவது, எதை விடுவது என்னும் வித்தை முழுவதையும், அவன் பிறருடைய வீட்டுச் சடங்குகளிலே, பிறருடைய செலவிலே, தன்னந்தனியனாய்க் கற்றுக்கொண்டான்.

சென்னையிலே அந்நாளில் இக்காட்சி நடவாது. அங்கே கேமரா என்று எழுதுவார்கள். எழுத்து வேறாவதுபோலவே அதைத் தொடுகின்ற முறையும் வேறாகிவிடுகிறது. கோடம்பாக்கத்தையும் வடபழனியையும் சாலிகிராமத்தையும் தனக்கு ஊராகக் கொண்ட அந்தச் சினிமா உலகத்தில், ஒளிப்பதிவாளனாக வேண்டுமென்று வருகின்ற இளைஞன் முதலில் ஓர் ஒளிப்பதிவாளரிடம் உதவியாளனாகச் சேரவேண்டும். சேர்வதற்கே பலகாலம் அவர் வாசலில் நிற்கவேண்டும். சேர்ந்த பின்னர் லென்ஸ் பெட்டியைச் சுமப்பதும், பில்டர்களைத் துடைப்பதும், மகஸினில் பிலிம் ஏற்றுவதும், எந்த டின்னில் எத்தனை அடி மிச்சமென்று கணக்கெழுதுவதுமாகச் சில படங்கள் கழியவேண்டும். அதன் பிறகே போகஸ் பிடிக்கின்ற உரிமையும், அதற்கும் பிறகே 'ஆபரேட்டிவ் கேமராமேன்' என்ற பெயரில் வியூபைண்டரில் கண் வைக்கின்ற உரிமையும் வந்துசேரும். இத்தனை படிகளையும் ஏறிக் கடந்தவனே 'தனிப்படம்' பண்ணினான் என்று சொல்லப்படுவான். 1972இல் தோன்றிய தென்னிந்திய ஒளிப்பதிவாளர் சங்கமும், தொழிலாளர் சங்கங்கள் பலவற்றை ஒருங்கே கட்டிய பெப்சி என்னும் சம்மேளனமும் இந்த ஏணியின் பக்கக் கம்புகளைப் போல் நின்று அதைத் தாங்குகின்றன. உறுப்பினர் அட்டை இல்லாதவன் கையிலே கேமரா இருப்பது அங்கே வெறும் துணிச்சலன்று, குற்றம்.

பிலிம் இருந்த காலத்தில் அந்த ஏணியின் கீழ்ப்படி எத்தகையதாயிருந்தது என்பதை ஒரு பொருளைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். 'சேஞ்சிங் பேக்' என்று அவர்கள் சொல்லுகின்ற அது, கறுப்புத் துணியால் இரட்டையாகத் தைத்து, கைகள் நுழைவதற்கு மட்டும் எலாஸ்டிக் வைத்த இரண்டு துவாரங்களை விட்ட ஒரு பை. மகஸினையும் பிலிம் டின்னையும் உள்ளே வைத்து மூடிவிட்டு, இளைஞன் தன் இரு கைகளையும் முழங்கை மட்டும் நுழைத்துக்கொண்டு, கண்ணுக்கு யாதொன்றும் தெரியாத நிலையிலே, விரல்நுனிகளையே கண்களாகக் கொண்டு, பிலிமின் ஓரத்துத் துளைகளைப் பற்சக்கரத்தின் பற்களிலே பொருத்தவேண்டும். சித்திரை வெயிலில் வெளிப்புறப் படப்பிடிப்பிலே உள்ளங்கை வேர்க்கும். அந்த வேர்வை பிலிமில் படலாகாது. 35 மி.மீ. பிலிமில் 400 அடிச் சுருள் ஓடித் தீர்வதற்கு நாலரை நிமிஷம்கூட ஆகாது. 1,000 அடிச் சுருளும் பதினொரு நிமிஷத்துக்குமேல் தாங்காது. ஆகவே யூனிட் முழுவதும் நடிகரைச் சூழ்ந்து நிற்க, மரத்தடியில் ஒருவன் மட்டும் வானத்தைப் பார்த்தபடி, கறுப்புப் பைக்குள் கைகளை மறைத்து, மந்திரம் செபிப்பவனைப் போல் நாளெல்லாம் இருப்பான். அவன் பார்க்கவந்த படப்பிடிப்பு அவன் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கும்.

போகஸ் பிடிப்பதும் ஏறத்தாழ அத்தகைய துறவுதான். டேப்பின் ஒரு நுனியைக் கேமராவின் பக்கத்திலுள்ள கொக்கியிலே மாட்டி, மறுநுனியை நடிகையின் கண்ணோரம் வரைக்கும் இழுத்துச்சென்று, அடியும் அங்குலமும் குறித்து, அவர் நடந்துவருகின்ற வழியில் சாக்குக்கட்டியால் கோடிட்டு, காட்சி ஓடும்போது அந்தக் கோடுகளையும் தன் விரல் பற்றிய வளையத்தையும் அன்றி வேறொன்றையும் அவன் பாரான். பிழை நேர்ந்தால் அந்தக்ஷணம் யாருக்கும் தெரியாது. லேபிலே கழுவிப் போட்டுப் பார்க்கும்போதுதான் நாயகியின் முகம் மங்கி, அவர் பின்னாலுள்ள சுவரின் காரை துலக்கமாகத் தெரியும். அப்போது கிடைக்கின்ற வசவு இருக்கிறதே, அதுதான் அந்தப் பாடசாலையின் பாடப்புத்தகம். கொழும்புக் கடையில் வேலை பழகிய இளைஞனுக்குக் கிடையாத பாக்கியம் அந்த வசவே என்பது என் அபிப்பிராயம். அவன் பிழைவிட்டால் வீட்டுக்காரர் பணத்தைக் குறைப்பார், அவ்வளவுதான்; பிழை எங்கே நேர்ந்ததென்று காதைத் திருகிச் சொல்ல ஒருவருமில்லை.

இவ்விரண்டு முறைகளும் எவ்வாறு ஏற்பட்டன என்று ஆராயப் புகுந்தால், ஆரம்பத்தில் இவை இரண்டாக இருக்கவேயில்லை என்பது தெரியவரும். முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுனு பொரொந்துவ' 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி கொழும்பிலே திரையிடப்பட்டதாயினும், அதனைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடித்த இடம் மதுரை. அதன் பின்னரும் பல வருஷங்கள் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்ரூடியோக்களிலே, அங்குள்ள செட்டுகளிலே, அங்குள்ள ஒளிப்பதிவாளர்களைக் கொண்டே எடுக்கப்பட்டன. சென்னை ஏணியின் உச்சிப்படியில் நின்றவர்களையே கொழும்பு பயன்படுத்திக்கொண்டது, ஏணியை வரவழைக்கவில்லை. தன் பிள்ளைகளை அதில் ஏற்றவும் இல்லை.

ஆனால் வேறொரு வாசலும் இருந்தது. இந்தியாவின் பிலிம்ஸ் டிவிஷனும் இலங்கையின் அரசாங்கத் திரைப்படப் பிரிவும் ஒரே ஆண்டாகிய 1948இல் தோன்றியவை. செய்திப்படமும் விவரணப்படமும் எடுப்பதற்கென ஏற்பட்ட அந்தப் பிரிவிலே, கமெராவைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் மலைக்கும் போவதே தொழில். செட் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. அங்கேதான் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக் பயின்றார். இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசும், டைட்டஸ் தொட்டவத்தையும், பிளேக்கும் அந்த உத்தியோகத்தைத் துறந்து வெளியேறி எடுத்த 'ரேகாவ' 1956இன் கடைசி வாரத்தில் வெளிவந்தது. ஸ்ரூடியோவின் நாற்சுவருக்கு வெளியே, கிராமத்து வெயிலிலே எடுக்கப்பட்ட அப்படம் சிங்களச் சினிமாவைச் சென்னையின் நிழலிலிருந்து பிரித்தெடுத்தது என்பார்கள். அதே பிளேக் ஒளிப்பதிவு செய்த 'கம்பெரலிய' 1965இல் புதுடில்லி சர்வதேச விழாவிலே தங்க மயில் விருதைப் பெற்றது. ஏணி வைத்திருந்த நாட்டின் தலைநகரத்திலேயே ஏணியில்லாத நாட்டின் படம் முதற்பரிசு பெற்ற இந்த விசித்திரத்தை நம்மவர்கள் போதிய அளவு பேசவில்லை.

இந்தியாவிலும் ஏணியை விலக்கிக் குதித்தவர்கள் உண்டு. 'பதேர் பாஞ்சாலி'யை ஒளிப்பதிவு செய்யத் தொடங்கியபோது சுப்ரதா மித்ராவுக்கு வயது இருபத்தொன்று. அதற்குமுன் அவர் சினிமாக் கேமராவை இயக்கியவரல்லர். அவருடைய பள்ளிக்கூடம் எது என்றால், பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்திலே 'தி ரிவர்' படத்தை எடுத்தபோது, ஓரத்திலே நின்று வேடிக்கை பார்த்தபடி, எந்தக் காட்சிக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தது என்று நோட்டுப் புத்தகத்திலே படம் வரைந்து குறித்துக்கொண்ட அந்த நாட்களே.

ஒரு நதிக்கரை அவரை ஆக்கியதுபோலவே இன்னொரு நதிக்கரை நம்முடைய ஒருவரை ஆக்கிற்று. மட்டக்களப்பு அமிர்தகழியிலே 1939இல் பிறந்த மகேந்திரன் என்னும் சிறுவன், பள்ளிச் சுற்றுலாவொன்றின்போது கித்துல்கலையிலே களனி கங்கைக் கரையில் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டான். இயக்குநர் 'மழை' என்று உரக்கச் சொன்னதும் மழை பெய்ததாம். அந்த அதிசயமே தன்னைச் சினிமாவுக்கு இழுத்ததென்று, பாலுமகேந்திரா என்று உலகம் அறிந்த பிற்காலத்திலே, அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கித்துல்கலையைக் கடந்த அந்தக் களனி கங்கைதான் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது என்பதை, வரைபடத்தை விரித்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைக்கத் தோன்றும்.

பாலுமகேந்திரா கொழும்பிலே அரசாங்க உத்தியோகம் பார்த்தார். சஞ்சிகையொன்றோடு தொடர்புகொண்டு இலக்கிய நண்பர்களோடு பழகினார். ஆயினும் ஒளிப்பதிவைக் கற்பதற்குக் கொழும்பிலே இடமில்லை. 1960இல் பழைய பிரபாத் ஸ்ரூடியோவிலே நிறுவப்பட்ட புனே திரைப்படக் கல்லூரியில் 1966இல் சேர்ந்து, 1969இல் ஒளிப்பதிவில் தங்கப்பதக்கம் பெற்று வெளியேறினார். கல்லூரி என்பது இந்தியாவின் மூன்றாவது வழி. அது ஏணியுமன்று, குதித்தலுமன்று. சென்னையிலே 1945இலேயே மத்திய பாலிடெக்னிக்கின் பகுதியாக ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் போதிக்கத் தொடங்கிப் பின்னர் அடையாற்றுத் திரைப்படக் கல்லூரி என்று பெயர்பெற்ற இடத்திலிருந்து பி.எஸ். நிவாசும், பி.சி. ஸ்ரீராமும், ராஜீவ் மேனனும் வந்தார்கள். கல்லூரியிலிருந்து வந்தவரைப் பழைய ஸ்ரூடியோக்காரர்கள் முதலில் ஏளனமாகத்தான் பார்த்தார்கள். புத்தகம் படித்து நீச்சல் பழகினவன் என்று கேலி பேசினார்களாம். ஆனால் மலையாள இயக்குநர் ராமு காரியாத் 'நெல்லு' படத்துக்குப் பாலுமகேந்திராவையே ஒளிப்பதிவாளராக அமர்த்தினார். 1974இல் வெளிவந்த அப்படம் அவருக்குக் கேரள அரசின் விருதைப் பெற்றுத் தந்தது. 1977இல் கன்னடத்திலே அவர் தாமே இயக்கிய 'கோகிலா' தேசிய விருதையும் கொணர்ந்தது.

அவருடைய ஒளிப்பதிவில் நான் காணுகின்ற ஒரு விசேடம் இந்த ஒப்பீட்டுக்குப் பொருந்தும். ஜன்னல் வழியே வருகின்ற ஒளியை, கூரை ஓட்டின் இடுக்கிலே விழுகின்ற ஒளியை, இருக்கின்றவாறே ஏற்றுக்கொள்ளுகின்ற பொறுமை அவருக்கு இருந்தது. ஸ்ரூடியோ ஏணியிலே ஏறியவர்களுக்கு ஒளி என்பது தாம் உண்டாக்குகின்ற பொருள். மார்க்கஸ் பார்ட்லி 'மாயாபஜார்' படத்திலே (1957) உண்டாக்கிய நிலவொளி அந்த வித்தையின் சிகரம். அதனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பாலுமகேந்திராவுக்கு ஒளி தானே வருவது, வருமட்டும் காத்திருக்கவேண்டியது. மழை முகிலும் கடற்காற்றும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தை மாற்றிவிடுகின்ற தீவிலே பிறந்த கண்ணுக்கு அந்தப் பொறுமை இயல்பாகவே வந்திருக்கலாம்.

தொலைக்காட்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லவேண்டும். டில்லியிலே 1959இலும் சென்னையிலே 1975 ஆகஸ்ட் 15இலும் தொடங்கிய தொலைக்காட்சி, இலங்கைக்கு 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியாகவும், 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினியாகவும் வந்துசேர்ந்தது. பிந்தி வந்ததிலே ஓர் அனுகூலம் உண்டு. இந்தியாவின் முதல் தலைமுறைத் தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளர் கறுப்பு வெள்ளையிலே பல வருஷம் உழைத்து, செய்திக்காக 16 மி.மீ. பிலிமைத் தூக்கிக்கொண்டு ஓடி, 1982இல்தான் வர்ணத்தைக் கண்டார்கள். ரூபவாஹினியிலே சேர்ந்தவர்களோ ஏறக்குறைய முதல் நாளிலிருந்தே வர்ணத்திலும் வீடியோவிலும் பழகினார்கள். தூர்தர்ஷனிலே 'கேமராமேன் கிரேட் 2' என்பது ஓய்வூதியத்தோடு கூடிய அரசாங்கப் பதவி; அப்பதவிக்காரர்களைப் பயிற்றுவிக்கவே புனேயில் 1974 முதல் தொலைக்காட்சிப் பிரிவொன்று இயங்கிற்று. யாழ்ப்பாணத்தார் அன்ரெனாவைச் சென்னையை நோக்கித் திருப்ப, தூத்துக்குடிப் பக்கத்தார் ரூபவாஹினியை நோக்கித் திருப்பிய அந்த நாட்களிலே, இருகரையாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரிடம் ஒருவர் தொழில் கற்கவில்லை. 1993இல் சன், 1998இல் சக்தி, 2009இல் வசந்தம் என்று தமிழ் அலைவரிசைகள் பெருகியபோது, சென்னையிலே தொடர் நாடகங்கள் என்னும் இரண்டாவது ஏணி முளைத்தது. கொழும்பிலோ கலியாண வீட்டு இளைஞர்கள் சிலர் நிலையத்துக்குள்ளே போனார்கள். ஸ்ரூடியோக் கமெராவின் பின்னால் தலையில் ஹெட்செட் மாட்டி நின்று, கண்ணாடி அறைக்குள்ளிருந்து வருகின்ற ஒருவருடைய குரலுக்கு இசைய அசைவதைப் பழகினார்கள். தன் இஷ்டப்படியே நின்று எடுத்துப் பழகியவனுக்கு அது சிறைவாசமாகத்தான் இருந்திருக்கும்.

கொழும்பிலே தமிழ்ப் படப்பிடிப்பாளருக்குப் பரம்பரை என்று ஒன்று ஏன் ஏற்படவில்லை என்று கேட்பவர்களுக்கு தமிழருக்கு எதிரான 1983 யூலைக் கலவரத்தை நினைவூட்டவேண்டியிருக்கிறது. கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ அந்த நாட்களிலே எரிக்கப்பட்டது; பல படங்களின் பிலிம் சுருள்களும் அங்கேயே சாம்பலாயின. தமிழரான இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய பத்தாண்டிலேதான் இலங்கைத் தமிழ்ப்படம் தலைதூக்கத் தொடங்கியிருந்தது. 'பொன்மணி' (1977) படத்தைத் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்களக் கலைஞர் யாழ்ப்பாணத்துக்கு வந்து எடுத்தார். 'வாடைக்காற்று' 1978இல் வந்தது. படங்கள் ஆண்டுக்கு ஆறேழு வந்திருந்தால், உதவியாளன் ஒருவன் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குத் தாவி, போகஸ் பிடித்து, கமெராவைத் தொட்டு, இருபது வருஷத்திலே தானும் நாலு பேருக்குக் குருவாகியிருப்பான். பி.சி. ஸ்ரீராமிடமிருந்து கே.வி. ஆனந்தும், ஜீவாவும், திருவும் புறப்பட்டதுபோல நமக்கும் ஒரு வழி நீண்டிருக்கும். அந்த நூல் அறுந்தது. போர்க்காலக் கொழும்பிலே, தமிழ்ப் பெயருள்ள இளைஞன் தோளிலே பையும் கையிலே கமெராவுமாகச் சோதனைச் சாவடியைக் கடப்பதென்பதே ஒரு நாளின் பாதியை விழுங்கிவிடும். அழைப்பிதழை அடையாள அட்டையோடு சேர்த்து நீட்டினால்தான் விடுவார்கள் என்பதால், கடையிலே ஒவ்வொரு கலியாணத்துக்கும் அழைப்பிதழில் இரண்டு பிரதி கேட்டு வாங்குவார்கள்.

ஆகையினால் மண்டபமே பாடசாலையாயிற்று. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் கதிரேசன் மண்டபத்திலும் எடுக்கப்பட்ட அந்த வீடியோக்களை இன்று எடுத்துப் பார்ப்பவர் சலிப்படையலாம். வரிசை வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொரு முகத்திலும் ஒரு கணம் நின்று அடுத்த முகத்துக்குச் செல்லுகின்ற கமெரா. பிறகு பந்தியில் மீண்டும் அதே முகங்கள். சென்னையின் கலியாண வீடியோவிலே தலைக்குமேல் சுழல்கின்ற ஜிம்மி ஜிப்பும், சினிமாப் பாட்டுக்குப் பொருந்த வெட்டிய காட்சிகளும், மேடையில் இரண்டு கமெராக்களைக் கலந்து திரையில் காட்டுகின்ற சாமர்த்தியமும் உண்டு. அது வந்தவர்களை வியக்கச் செய்வதற்காக எடுக்கப்படுவது. கொழும்பு வீடியோ வராதவர்களுக்காக எடுக்கப்பட்டது. "வந்த ஆக்கள் ஒருத்தரையும் விடாமல் எடுங்கோ தம்பி, அங்கை இருக்கிறவை பாக்கவேணும்" என்று மணப்பெண்ணின் தாய் சொல்லுவார். ரொறன்ரோவிலே பனிக்காலத்திலே உட்கார்ந்து அந்த நாடாவை ஓடவிட்டவர்கள் மணமக்களை ஒருமுறை பார்த்தார்கள். நாற்காலிகளைப் பலமுறை பார்த்தார்கள். யார் மெலிந்துவிட்டார், யார் தலை நரைத்துவிட்டது, யார் வரவில்லை என்பதையெல்லாம் அந்த மந்தமான பானிங்கிலேதான் அவர்கள் அறிந்தார்கள். கலை நோக்கிலே இதனைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பாடசாலையிலே ஒரே ஒரு கடினமான பரீட்சை உண்டு, அது தாலிகட்டு. சினிமாவிலே தாலிகட்டு நாலு தடவை, ஐந்து தடவை, வேண்டுமானால் பத்துத் தடவையும் நடக்கும். விரல் மறைத்தால், மாலை மறைத்தால், லைற் மங்கினால், 'இன்னொரு டேக்' என்று ஒரு சொல் போதும். மண்டபத்திலே அது ஒருமுறைதான். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதும் சபை முழுவதும் எழுந்துநிற்கும். அறுகரிசியும் பூவும் மழையாய்ச் சொரியும். ஐயர் ஒருபுறம் எழும்புவார். தோழி மணப்பெண்ணின் கூந்தலைத் தூக்கிப் பிடிப்பாள். மாப்பிள்ளையின் மாமனோ சித்தப்பனோ ஒருவர் உற்சாக மிகுதியால் கமெராவுக்கு நேரே குறுக்கே வந்து நிற்பார். இவை அனைத்தும் நடக்குமென்று முன்கூட்டியே கணித்து, மேளகாரரின் கை உயர்வதைக் கடைக்கண்ணால் கவனித்து, தோழி எந்தக் கையைத் தூக்குவாள் என்பதையும் அறிந்து, அதற்கு எதிர்ப்பக்கத்திலே இரண்டு நிமிஷம் முன்னதாகவே போய் நின்றுகொள்ளவேண்டும். கொட்டாஞ்சேனை இளைஞன் தன் முதலாவது கலியாணத்திலே எடுத்தது சித்தப்பா ஒருவருடைய பட்டுச்சால்வையை மட்டுமே. சால்வை மிகத் துலக்கமாக விழுந்திருந்தது என்று அவனே சிரித்துச் சொல்லுவான். அதன் பின்னர் அவன் ஒரு தாலியையும் தவறவிடவில்லை. செவ்வாய்க்கிழமைகளிலே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவதும், சரஸ்வதி பூசைக்குக் கமெராவுக்குச் சந்தனப் பொட்டு வைப்பதும் அவனுக்கு ஒரே பக்தியின் இரண்டு பக்கங்கள்.

அவன் 2000ஆம் ஆண்டையடுத்துச் சென்னைக்குப் போனான். எவ்வாறோ ஓர் ஒளிப்பதிவாளரிடம் உதவியாளனாகச் சேர்ந்தும்விட்டான். முதல் வருஷம் முடிந்து விடுமுறையில் வந்தவன், வெள்ளவத்தைக் கடற்கரையிலே தண்டவாளத்தோரக் கல்லில் உட்கார்ந்து சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "ஒரு வருசமா லென்ஸ் பெட்டிதான் சேர். இங்க ஆயிரம் மணித்தியாலம் எடுத்திருப்பேன்; அங்க ஒரு செக்கன் எடுக்கல்ல." கோபமாகச் சொன்னானா என்றால் இல்லை. அவனுடைய குரு ஒரு நாள் வேப்பமரத்தடியிலே மூன்று மணித்தியாலம் முகில் கலைவதற்காகக் காத்திருந்தாராம். தயாரிப்பாளர் முணுமுணுத்தும் அவர் அசையவில்லையாம். கொழும்பிலே தான் எடுத்த அத்தனை மணித்தியாலங்களிலும் வெளிச்சத்துக்காக ஒரு நிமிஷம்கூடத் தான் காத்திருந்ததில்லை என்று அவன் சொன்னபோது, கடலின்மேல் ஒரு முகில் சூரியனை மூடியது. அவன் பேச்சை நிறுத்திவிட்டு அது விலகுமட்டும் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

அதன் பின்னர் நாலைந்து வருஷம் கழிந்து, பழைய முதலாளியின் மகளுடைய கலியாணத்துக்கு அவன் விருந்தினனாக வந்திருந்தான். போகஸ் பிடிக்கிறவனாக உயர்ந்திருந்தான். உடம்பும் சற்று உயர்ந்திருந்தது. சரஸ்வதி மண்டபத்திலே என் பக்கத்து நாற்காலியிலே உட்கார்ந்து, கையிலே ஒன்றுமில்லாமல், பிறர் எடுக்கின்ற வீடியோவிலே தானும் ஒரு முகமாக அமைந்திருந்தான். மேடைக்குக் கீழே பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன், தோளிலே வைக்கவேண்டிய அவசியமில்லாத சிறிய கமெராவொன்றைப் பிடித்துக்கொண்டு, ஐயருக்கு நேரே நின்றிருந்தான். மேளகாரரின் கை உயர்ந்தது. என் பக்கத்து நாற்காலி காலியாயிற்று. சபை எழுந்து நின்றதால் எனக்கு முழுவதும் தெரியவில்லை; தலைகளின் இடுக்கிலே நான் கண்டது, அவன் குனிந்தபடியே போய், அந்தப் பையனின் இரு தோள்களையும் பின்னாலிருந்து பிடித்து, இரண்டடி இடப்பக்கமாக நகர்த்தி நிறுத்திவிட்டு, தான் படத்திலே விழாதபடி தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டதை.